தனியார் ஓடுதளங்களில் சிறுவிமானத் தரையிறக்க விபத்துகளைத் தவிர்ப்பது எப்படி? கொங்கு நாட்டுக்கான முழுமையான வழிகாட்டி

சிறுவிமானங்களுக்கு நேரும் விபத்துகளில் பெரும்பங்கு, தரையிறங்கும் சில நிமிடங்களில் நேர்பவை. மூக்குச்சக்கரம் ஒடிவது, புரொப்பல்லர் மண்ணில் அடிபடுவது, பக்கவாட்டில் விலகிப் பள்ளத்தில் இறங்குவது, முனையைத் தாண்டி வேலியில் மோதுவது ஆகியவையே அடிக்கடி நிகழ்கின்றன. இவற்றில் உயிரிழப்பு ஒப்பீட்டளவில் குறைவு என்பது உண்மை. ஆயினும் அதே விபத்து உயரழுத்த மின்கம்பிக்கு அருகிலோ, உதவி வந்து சேர அரைமணி நேரமாகும் தோட்டத்தின் நடுவிலோ நேரும்போது உயிரையே பறித்துவிடுகிறது.

கோவை பீளமேட்டு விமான நிலையத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 3 கி.மீ. நீளமும் 45 மீ. அகலமும் உடையது. அங்கே இறங்கும் விமானி 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கி.மீ.) கூடுதல் வேகத்தில் வந்தாலும், 300 மீ. தள்ளித் தொட்டாலும் பெரிய விளைவு எதுவும் இல்லை. கட்டுப்பாட்டுக் கோபுரம் காற்றின் திசையைச் சொல்கிறது. தீயணைப்பு வண்டி காத்து நிற்கிறது. 600 மீ. மண் ஓடுதளத்தில் இவற்றில் ஒன்றும் கிடையாது. அங்கே நேரும் விபத்தின் காரணங்களைத் தேடிப் பின்னோக்கிச் சென்றால், அவை பெரும்பாலும் சக்கரம் மண்ணைத் தொடுவதற்கு வெகுநேரம் முன்பே, சில வேளைகளில் நிலத்தை அளந்த நாளிலேயே அமைந்துவிட்டிருக்கும். ஆகவே இந்த வழிகாட்டி விமானிக்கு மட்டுமன்றி, ஓடுதளத்தை அமைக்கும் நிலவுடைமையாளருக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது.

இந்தியாவில் தனியார் நிலமாயினும், விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககமான டிஜிசிஏவின் ஒப்புதலும் பாதுகாப்பு அமைச்சகத்தின் இசைவும் இன்றி ஓடுதளம் இயங்க முடியாது. கொங்கு நாட்டில் சூலூர் விமானப்படைத் தளமும் கோவை விமான நிலையமும் அருகருகே இருப்பதால், வான்பரப்பு அனுமதியை முதல் நாளிலேயே கேட்டுவிடுவது நல்லது. நிலத்தைச் சமன்படுத்திய பிறகு அனுமதி மறுக்கப்பட்டால் செலவு மொத்தமும் வீணாகும்.

முதல் படி: காற்றை அறிந்து திசையை முடிவு செய்தல்

கொங்கு நாட்டின் காற்றைத் தீர்மானிப்பது பாலக்காட்டுக் கணவாய். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையிலுள்ள அந்த இடைவெளியில் நெருக்குண்டு வேகம் பெறும் தென்மேற்குப் பருவக்காற்று, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் வழியாகக் கிழக்கு நோக்கி வீசுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அது ஓய்வதே இல்லை. அப்பகுதிகளில் காற்றாலைகள் நிறைந்திருப்பதும் அதனால்தான். பீளமேட்டு ஓடுபாதையின் எண்கள் 05, 23. அதாவது அது 50 பாகைக்கும் 230 பாகைக்கும் நேராக, வடகிழக்கு தென்மேற்காக, பருவக்காற்றுகளின் போக்கை ஒட்டிக் கிடக்கிறது.

தனியார் நிலத்தில் இத்தகைய தெரிவுரிமை பல நேரங்களில் இருப்பதில்லை. வாய்க்காலும் வண்டித்தடமும் பங்காளிகளின் பாகப்பிரிவினையும் வகுத்த நிலம் வடக்கு தெற்காக நீண்டிருந்தால், ஓடுதளமும் அப்படியே அமைக்கப்படுகிறது. அதன் விளைவாக ஆடி மாதம் முழுவதும் ஒவ்வொரு தரையிறக்கமும் பக்கக்காற்றில் நடக்கும். செஸ்னா 172எஸ் விமானத்துக்குச் செய்துகாட்டப்பட்ட பக்கக்காற்று அளவு 15 நாட். செஸ்னா 152க்கு 12 நாட். இவை தேர்ந்த சோதனை விமானி செய்து காட்டியவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 20 நாட் காற்று ஓடுபாதைக்கு 45 பாகைச் சாய்வில் வீசினால் அதன் பக்கக்காற்றுப் பகுதி 14 நாட். 30 பாகைச் சாய்வானால் 10 நாட். அவ்வாறான நிலம் மட்டுமே உள்ளவருக்கு என் பரிந்துரை இதுதான்: பருவக்காற்று மாதங்களில் காலை நேரம் தவிர ஓடுதளத்தை மூடிவிடுவதாக எழுதி வைத்து, அதில் உறுதியாக நிற்க வேண்டும்.

பங்குனி, சித்திரையில் சிக்கல் வேறு விதமானது. நண்பகலில் செம்மண் காட்டிலிருந்து எழும் சூடான காற்று இறுதி அணுகலில் விமானத்தை மேலே தூக்கும். அடுத்த நொடி தென்னந்தோப்பின் மேல் அதே விமானம் தணியும். புழுதியைச் சுருட்டி எழும் சூறைக்காற்று தொலைவில் தெரிந்தாலே தரையிறக்கத்தைத் தள்ளிப்போட வேண்டும். கோடைமழை மேகம் சில கிலோமீட்டர் தள்ளி நின்றாலும், அதிலிருந்து இறங்கிப் பரவும் குளிர்காற்று மழைக்கு முன்பே ஓடுதளத்தை அடைந்து, சில நிமிடங்களில் எதிர்காற்றைப் பின்காற்றாக மாற்றிவிடும்.

இரண்டாம் படி: இரு முனைகளிலும் உள்ள தடைகளைக் கணக்கெடுத்தல்

ஓடுதளத்தின் நீளம் என்பது பத்திரத்தில் உள்ள நீளம் அன்று. முனையில் நிற்கும் மரம் விட்டுத்தரும் நீளமே அதன் உண்மையான நீளம். விமானத்தின் கையேட்டில் உள்ள தரையிறக்கத் தூரம், முனையை 15 மீ. உயரத்தில் கடந்து வருவதாகக் கொண்டு தரப்படுகிறது. பொள்ளாச்சிப் பக்கத்தில் ஓங்கி வளர்ந்த தென்னை 20 மீ. உயரம் இருக்கும். மட்டையின் நுனிக்கு மேல் வெறும் 5 மீ. இடைவெளி விட்டாலும் 25 மீ. ஆகிறது. கூடுதலான இந்த 10 மீ. உயரத்தை 3 பாகைச் சரிவில் இறங்கித் தீர்க்க ஏறத்தாழ 190 மீ. தூரம் தேவை. ஆகவே தோப்பின் ஓரத்தில் தொடங்கும் 600 மீ. ஓடுதளம், அந்தத் திசையிலிருந்து வருபவருக்கு 410 மீ. ஓடுதளமாகவே பயன்படும். இழந்த நீளத்தைக் கணக்கிட்டு, தொடுமிடத்தின் தொடக்கத்தை உள்ளே தள்ளி வெள்ளைக் கோடிட்டுக் காட்ட வேண்டும்.

மரம் கண்ணுக்குத் தெரியும், கம்பி தெரியாது. விவசாய மோட்டாருக்குப் போகும் மின்கம்பி, மேலிருந்து பார்க்கும்போது வயலின் நிறத்தில் கரைந்துவிடுகிறது. விமானி கம்பியைத் தேடக்கூடாது, கம்பத்தைத் தேட வேண்டும். இரண்டு கம்பங்கள் தெரிந்தால் இடையே கம்பி இருப்பதாகவே கொள்ள வேண்டும். உடைமையாளர் மின்வாரியத்திடம் விண்ணப்பித்து, அணுகுபாதையிலுள்ள கம்பிகளைத் தரைக்கடியில் கொண்டுசெல்ல முயலலாம். செலவு பிடிக்கும் வேலை என்றாலும், இந்த வழிகாட்டியிலுள்ள எல்லாச் செலவுகளிலும் இதையே நான் முதலில் வைப்பேன். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் மின்தடமும், புகளூரிலிருந்து பிரியும் மற்ற உயரழுத்தத் தடங்களும் கரூர், திருப்பூர் மாவட்டங்களின் வான்பரப்பைக் குறுக்கே வெட்டுகின்றன. புதிய தடங்கள் பழைய வரைபடங்களில் இரா. ஆண்டுக்கு ஒருமுறையேனும் தரைவழியே சென்று பார்த்துப் படத்தைத் திருத்த வேண்டும்.

காற்றாலையில் இரண்டு ஆபத்துகள் உள்ளன. முதலாவது கோபுரம். இரண்டாவது, சுழலிக்குப் பின்னால் அதன் விட்டத்தைப் போல் பல மடங்கு தூரம் வரை நீளும் கலங்கிய காற்று. தென்மேற்குக் காற்றில் அந்தக் கலக்கம் காற்றாலைக்குக் கிழக்கே விழும் என்பதால், ஓடுதளத்துக்கு மேற்கிலுள்ள காற்றாலைகளையே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். காற்றாலை அமைப்பதற்கு முன் காற்றை அளக்க நிறுத்தப்படும் மெல்லிய கம்பம், அதன் இழுகம்பிகளோடு, இவை எல்லாவற்றையும் விடக் கண்ணுக்குத் தப்பக்கூடியது. ஒரே நாளில் எழுந்துவிடக்கூடியதும் கூட.

மூன்றாம் படி: தேவையான நீளத்தைக் கணக்கிடல்

இதைக் காகிதத்தில் எழுதிச் செய்ய வேண்டும். செஸ்னா 172எஸ் விமானத்தை எடுத்துக்கொள்வோம். கடல் மட்டம், 15 டிகிரி வெப்பம், காற்றின்மை, கெட்டித் தளம் ஆகிய நிலையில், 15 மீ. தடையைத் தாண்டி இறங்கி நிற்க அதன் கையேடு ஏறத்தாழ 407 மீ. என்கிறது. பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் சிறுவிமானிகளுக்காக வெளியிட்டுள்ள பெருக்கல் காரணிகளை இதன் மேல் இடலாம். கடல் மட்டத்துக்கு மேல் ஒவ்வோர் 1,000 அடிக்கும் 5 விழுக்காடு, இயல்பான வெப்பத்துக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 5 விழுக்காடு, உலர்ந்த புல்லுக்கு 15 விழுக்காடு, ஈரப்புல்லுக்கு 35 விழுக்காடு, தரையிறங்கும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு பின்காற்றுக்கு 20 விழுக்காடு, 2 விழுக்காடு கீழ்ச்சரிவுக்கு 10 விழுக்காடு எனக் கூட்ட வேண்டும். இவை ஒன்றோடொன்று பெருக்கப்படுபவை. கடைசியாக மொத்தத்தையும் பாதுகாப்புக்காக 1.43ஆல் பெருக்க வேண்டும்.

கோவையைச் சுற்றியுள்ள நிலம் ஏறத்தாழ 1,300 அடி உயரத்தில் உள்ளது. அந்த உயரத்துக்குக் கணக்கில் கொள்ளப்படும் இயல்பான வெப்பம் (ஊரின் வழக்கமான வெப்பம் அன்று) 12 டிகிரியை ஒட்டியது; சித்திரைப் பிற்பகலில் 38 டிகிரி என்றால் 25 டிகிரிக்கு மேல் கூடுதல். 407 மீ. தூரம் உயரத்துக்காக 433 ஆகிறது, வெப்பத்துக்காக 490, உலர்ந்த புல்லுக்காக 563, பாதுகாப்புக் காரணியோடு 805 மீ. அதன்மேல் 5 அல்லது 6 நாட் பின்காற்று சேர்ந்தால் 966 மீ. கையேட்டின் முதல் எண்ணை மட்டும் பார்த்து 600 மீ. தாராளம் என்று நினைப்பவர், இந்தக் கணக்கை ஒருமுறை தம் கையால் போட்டுப் பார்க்க வேண்டும்.

அன்றைய காற்று, 4,400 அடி உயரத்தில் இருக்கும் காற்றைப் போல் மெலிந்திருக்கும். வேகமானி அதே எண்ணைக் காட்டினாலும், நிலத்தின் மேல் விமானம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் வேகத்தில் ஓடுகிறது. இதைக் கண்ணால் கண்டு, வேகம் மிகுதி என்று எண்ணி மூக்கைத் தூக்குபவர், இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டால் நிலையை நெருங்குகிறார். வேகமானியையே நம்ப வேண்டும்.

நான்காம் படி: தரையைக் காலால் நடந்து பார்த்தல்

கரிசல் மண் கோடையில் வெடித்து நிற்கும். மழைக்குப் பின் மேலே உலர்ந்து உள்ளே நெகிழ்ந்திருக்கும். அதில் மூக்குச்சக்கரம் புதைந்தால் விமானம் குப்புறக் கவிழக்கூடும். ஆட்கள் நிறைந்த காரை ஓடுதளத்தின் முழு நீளத்துக்கும் ஓட்டிப் பார்ப்பது எளிய சோதனை: சக்கரத் தடம் ஆழமாகப் பதிந்தால் அன்று விமானம் வேண்டாம். செம்மண்ணில் நீர் வடியும், ஆனால் சுக்காங்கல் புரொப்பல்லரைத் தின்னும். பசுமையாகக் குட்டையாக வெட்டிய ஈரப்புல் பார்க்க அழகு. அதில் பிரேக் பிடிக்காது. தூரம் 60 விழுக்காடு வரை கூடலாம் என்று அதே பிரிட்டன் ஆணையம் எச்சரிக்கிறது.

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பகுதியின் மேய்ச்சல் நிலங்களான கொரங்காடுகள் மேலிருந்து பார்க்கும்போது சமதளமாகத் தோன்றும். கொழுக்கட்டைப்புல்லுக்கு நடுவே நிற்கும் வெள்வேல மரங்களும், சுற்றிலும் அடர்ந்த கிளுவை வேலியும் தாழ வந்த பிறகே தெரியும். எஞ்சின் நின்றுபோய் வேறு வழியின்றி இறங்குபவர், வேலிக்குக் குறுக்காக அன்றி அதற்கு இணையாக இறங்க வேண்டும்.

மேய்ச்சல் மாடுகளை வேலி தடுக்கும், மயிலைத் தடுக்காது. தானியக்காட்டை ஒட்டிய ஓடுதளங்களில் காலையிலும் மாலையிலும் மயில்கள் உலாவும். ஒவ்வொரு தரையிறக்கத்துக்கும் பதினைந்து நிமிடம் முன்பாக ஓர் ஆள் முழு நீளத்தையும் வண்டியில் சென்று பார்த்து வர வேண்டும்.

ஐந்தாம் படி: காற்றுப்பையும் தகவல் தாளும்

சர்வதேச விதிப்படி, காற்றின் திசையைக் காட்டும் துணிக்குழாயான காற்றுப்பை குறைந்தது 3.6 மீ. நீளமும், அகன்ற முனையில் 0.9 மீ. விட்டமும் கொண்டிருக்க வேண்டும். மரத்தின் மறைவில் நட்டால் அது பொய் சொல்லும். நீளம், அகலம், சரிவு, உயரம், தடைகள், தொலைபேசி எண், மூடும் நிபந்தனைகள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, வருகின்ற ஒவ்வொரு விமானிக்கும் அனுப்ப வேண்டும்.

ஆறாம் படி: அணுகுதல்

முதன்முறை வருபவர் ஓடுதளத்தைத் தரைவழியே வந்து பார்த்திருப்பது மிக நல்லது. இயலாவிடில், பாதுகாப்பான உயரத்தில் ஒருமுறை மேலே சுற்றி, காற்றுப்பையையும் மாடுகளையும் கம்பங்களையும் பார்த்த பிறகே இறங்கும் சுற்றுக்கு வர வேண்டும்.

45 மீ. அகல ஓடுபாதைக்குப் பழகிய கண், 15 மீ. அகலப் பாதையைப் பார்த்ததும் தான் உயரமாக இருப்பதாக எண்ணும். தன்னை அறியாமல் தாழ்ந்து வரும். மேல்நோக்கிச் சரிந்த ஓடுதளமும் இதே மயக்கத்தைத் தரும். முனைக்கு முன்பே வேலியில் மோதும் விபத்துகள் பல இப்படித்தான் நேர்கின்றன. தென்மேற்குக் காற்று மேற்கு நோக்கி இறங்கச் செய்வதால், மாலையில் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும் என்பதையும் கொங்கு விமானிகள் நேரத்தைத் திட்டமிடும்போதே கருத வேண்டும்.

இறுதித் திருப்பத்தில் பருவக்காற்று விமானத்தைத் தள்ளி, நேர்கோட்டைத் தாண்டவைத்துவிட்டால், வாலிலுள்ள திசைத்திருப்பியான ரட்டரை அழுத்தி மூக்கை இழுத்துத் திருப்ப மனம் தூண்டும். உயிரிழப்பில் முடிபவற்றில் இது முதன்மையானது. இறக்கைகளின் 45 பாகைச் சாய்வில் ஸ்டால் வேகம் 19 விழுக்காடும், 60 பாகையில் 41 விழுக்காடும் கூடுகிறது. மீட்க உயரம் இல்லை. சாய்வை 30 பாகைக்குள் நிறுத்தி, கோடு தப்பினால் மறுசுற்றுக்குப் போய்விட வேண்டும்.

இறுதிப் பாதையில் வேகம், தரையிறங்கும் அமைப்பிலான ஸ்டால் வேகத்தைப் போல் 1.3 மடங்கு இருக்க வேண்டும். அதைவிட 10 விழுக்காடு கூடினால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 21 விழுக்காடு கூடும். மேற்கு முனையில் தோப்பு இருந்தால், அதன் மறைவுக்குள் நுழையும்போது எதிர்காற்று திடீரெனக் குறைந்து விமானம் தணியும். எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலில் கை இருக்க வேண்டும்.

ஏழாம் படி: இறங்காமல் மேலெழும் முடிவு

மற்றெல்லாவற்றையும் விட இந்தப் படியே உயிர்களைக் காப்பது. கோ-அரவுண்ட் செய்யத் தெரியாத விமானி இல்லை. ஆனால் ஓடுதள உடைமையாளரும் விருந்தினரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒருமுறை இறங்காமல் போவது தோல்வி போலத் தோன்றிவிடுகிறது. அந்தச் சில நொடித் தயக்கத்தில் ஓடுதளம் தீர்ந்துவிடுகிறது.

இதைக் காற்றில் முடிவு செய்யக்கூடாது. ஓடுதளத்தின் மூன்றிலொரு பங்கு முடியுமிடத்தில், இரு ஓரங்களிலும் வெள்ளையடித்த கற்களைப் பதித்துவிட வேண்டும். அந்தக் கற்களைக் கடக்கும்போது சக்கரங்கள் தரையில் இல்லையெனில், யாரையும் எதையும் கேளாமல் முழு விசை கொடுத்து மேலெழ வேண்டும். 200 அடி உயரத்தில் வேகமும் நேர்கோடும் சரியில்லை என்றாலும் அப்படியே. எதிர்முனையில் மேடோ தோப்போ இருந்தால் எல்லையை இன்னும் முன்னதாக வைக்க வேண்டும். வெப்பத்தால் ஏறும் திறன் குறைந்த பிற்பகலில் அதை வானிலேயே கடந்துவிட முடியும் என்ற நம்பிக்கை வேண்டாம்.

முழு விசை, மூக்கை மட்டாக நிறுத்துதல், வலது ரட்டர், இறக்கையின் பின்னோர மடிப்பான ஃபிளாப்பைப் படிப்படியாகக் குறைத்தல் என்ற வரிசை மாறக்கூடாது. ஃபிளாப்பை மொத்தமாக ஒரே முறையில் எடுத்தால் விமானம் மண்ணில் அமரும். உடைமையாளர்கள் செய்யக்கூடிய பேருதவி ஒன்று உண்டு: வருகின்ற விமானியிடம் முன்கூட்டியே, “எத்தனை முறை வேண்டுமானாலும் சுற்றி வாருங்கள், நாங்கள் காத்திருக்கிறோம்” என்று சொல்லிவிட வேண்டும்.

எட்டாம் படி: தொட்ட பின்

விமானம் குதித்தால் மூக்கை அழுத்தக்கூடாது. அழுத்தினால் மூக்குச்சக்கரம் முதலில் தொட்டு மீண்டும் குதிக்கும். ஒவ்வொரு குதிப்பும் முந்தையதைவிடக் கடுமையாகி, மூக்குச்சக்கரமும் புரொப்பல்லரும் உடையும் வரை போகும். முதல் பெருங்குதிப்பிலேயே விசை கொடுத்து மேலெழுவதே சரி. பக்கக்காற்றில், காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தும் திருப்பத்தை ஓட்டம் முடியும் வரை விடக்கூடாது. மூக்குச்சக்கரத்துக்குப் பதிலாக வாலில் சக்கரம் கொண்ட விமானம், நிற்கும் வரை திசை தவறக்கூடியது.

ஒன்பதாம் படி: விபத்து நேர்ந்தால்

ஓடுதளத்தில் உலர்தூள் தீயணைப்பான், நுரைத் தீயணைப்பான், இருக்கைப் பட்டையை அறுக்கும் கத்தி, கடப்பாரை, தீக்காயத்துக்கான சுத்தமான துணி ஆகியவை பூட்டப்படாத இடத்தில் இருக்க வேண்டும். தோட்டத்து வாயிற்கதவின் சாவி யாரிடம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்; ஆம்புலன்ஸ் வெளியே நின்று காத்த நிமிடங்கள் திரும்ப வாரா. 108க்கும் 112க்கும் சொல்லும்போது ஊர்ப்பெயரோடு, வண்டி திரும்ப வேண்டிய கோயிலையோ கடையையோ குறிப்பிட்டு, அங்கே ஓர் ஆளை நிறுத்த வேண்டும்.

எஞ்சின் நின்றிருந்தாலும் புரொப்பல்லரின் சுழல்தளத்துக்குள் போகக்கூடாது. சில சிறுவிமானங்களில் விமானத்தையே தாங்கும் பாராசூட்டை இழுக்கும் ராக்கெட் இருக்கிறது. வெடிக்காத ராக்கெட் உதவ வருபவரைக் கொல்லும். உடற்பகுதியில் எச்சரிக்கைக் குறி ஒட்டப்பட்டிருக்கும் இடத்தைத் தவிர்த்து அணுக வேண்டும் என்பதைத் தோட்டத்து ஆட்களுக்கு முன்பே கற்றுத்தர வேண்டும்.

உயிர்காக்கும் தேவைக்கன்றி உடைந்த விமானத்தை நகர்த்தக்கூடாது. விமான விபத்து விசாரணை விதிகளின்படி, டிஜிசிஏவுக்கும் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவுக்கும் இயன்ற விரைவில் தெரிவிக்க வேண்டும். அவ்விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதே. மழையோ காற்றோ அழிப்பதற்கு முன் சக்கரத் தடங்களையும் காற்றுப்பையையும் படமெடுத்து வைப்பது பெரிதும் உதவும்.

புரொப்பல்லர் லேசாகத்தான் மண்ணைத் தொட்டது, வெளியே சேதம் தெரியவில்லை என்று சொல்லி அப்படியே பறந்து திரும்ப முயல்பவர்கள் உண்டு. எஞ்சின் தயாரிப்பாளர்கள் இதற்கு இடம் தருவதில்லை. எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்ட்டில் உள்ளே விரிசல் விட்டிருக்கக்கூடும். உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் எஞ்சினைப் பிரித்துச் சோதித்துக் கையெழுத்திடும் வரை விமானம் அதே தோட்டத்தில், நான்கு பக்கமும் கயிறு கட்டி நிற்க வேண்டும்.